மான்கூர்ட் வரைக்கும்

அப்பா இறந்து நாற்பத்தொரு மணி நேரம் கழித்து, குர்லாவில் மாரிசெல்வி அவரை ரயிலில் ஏற்றினாள். துணியால் வாய் கட்டிய சிறிய மண்கலயம். தம்பி ராஜபாண்டி பின்னால் ஏறினான். அம்மா பூமாரி அதற்குள் ஜன்னலோர இடம் பிடித்திருந்தாள்.

"எங்கிட்டக் குடு" என்று கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அஸ்தியை வாஷியில் கரைக்கலாம் என்பது அம்மாவின் முடிவு. செல்விக்கு அதில் விருப்பமில்லை. கடற்கழிக்கு அந்தப் பக்கம், வாஷியில்தான் அவள் வீடு. ஒன்பது வருடங்களுக்கு முன் அவள் ஒரு மராட்டிக்காரனைக் கட்டிக்கொண்டபோது அப்பா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதோடு சரி. அவள் வீட்டுக்கு ஒருமுறைகூட வரவில்லை. பேத்தியையும் தாராவிக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் பார்த்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இத்தனைக்கும் வாஷிப் பாலத்தின் கதையைத் தாராவியில் அவர்தான் சொல்வார். முதலில் தோணிகள். அப்புறம் கார் போக ஒரு பாலம், ரயிலுக்கு ஒன்று, கார்களுக்கு மறுபடி ஒன்று, இப்போது இன்னொன்று. டீ ஆறிப்போகும். "மொதப் பாலம் நாங்க கட்டுனதுல்லா" என்று முடிப்பார்.

"உசுரோட வராதவர இப்ப எதுக்கும்மா இழுத்துட்டுப் போறீங்க?" என்றாள் செல்வி.

"சும்மா இரு அக்கா. பக்கத்துல மாஹிம் கடல்ல கரைச்சா மட்டும் என்ன, நாத்தம்தான் அடிக்கும்" என்றான் ராஜபாண்டி.

அம்மா கலயத்தின் கட்டைச் சரிபார்த்தாள்.

மான்கூர்டில் வண்டி நின்றது. அம்மா கலயத்தோடு பாதி எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"எங்க எறங்குத? வாஷி அடுத்ததும்மா" என்றான் ராஜபாண்டி.

"தெரியும்ல. பழக்கம்."

அம்மா பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் யாரும் இல்லை.

வண்டி கிளம்பியது. சதுப்புக் காடு முடிந்து, சக்கரங்களின் சத்தம் மாறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். கதவருகே ஒருவர் நாணயத்தை வீசிவிட்டுக் கும்பிட்டார். அம்மா முந்தானையை இழுத்துக் கலயத்தை மூடினாள். மேலே கையையும் வைத்துக்கொண்டாள்.

"வெயில் படலையேம்மா" என்றாள் செல்வி.

"வெயிலுக்கு இல்லட்டி."

"பின்ன?"

அம்மா ராஜபாண்டியைப் பார்த்தாள். அவன் போனில் இருந்தான். குரலைத் தாழ்த்தினாள்.

"பாலம் கட்டுத எடத்துல ஒங்கப்பா வேல பாத்தது மொத்தமே ரெண்டு நாளு. தோணியிலேர்ந்து தண்ணிக்குள்ள விழுந்துட்டாவ. நீச்சல் தெரியாது. முடியப் புடிச்சித் தூக்கிப் போட்டிருக்கானுவ. அதோட இந்தத் தண்ணியத் தாண்டுனதே இல்ல."

"ரெண்டு நாளா?"

"தாராவி பூரா நாங்க கட்டுனதுன்னு சொல்லி வச்சாச்சி. வெளிய சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

செல்விக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப, எம்மேல கோவம் இல்லியா?"

"கோவமா? நான் ஒன் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் கூடவே வந்து மான்கூர்டுல எறங்கிருவாவ, நான் எந்திரிச்சி வாசல் வரைக்கும் வந்து எறக்கிவிடுவேன். நான் திரும்புத வரைக்கும் அந்தப் பெஞ்சுதான். பயம்ட்டி அவுகளுக்கு. இந்தப் பாலம்னா அவ்வளவு பயம். இன்னைக்காவது ஒன் வீட்டுப் பக்கம் வந்து சேரட்டும்னுதான் வாஷின்னேன்."

வண்டி இன்னும் தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தது. செல்வி துப்பட்டாவை எடுத்து, முந்தானைக்கு மேல் இன்னொரு சுற்றுப் போர்த்தினாள்.