ஏழாவது அலசல்

ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் மெர்லுக்குக் கண்ணாடி கழுவுகிற வேலை. நகத்தைவிட மெல்லிய சில்லுகளை அமிலத்தில் ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஏழு தடவை அலச வேண்டும். பதினெட்டு வருடமாக அதுதான் சட்டம்.

அந்தச் சில்லின் மேல் உட்காருவது ஒரே செல்லால் ஆன பச்சைப் பாசி. இரண்டு வாலை வீசி நீந்தும். வால்கள் உடம்பில் வேர்விட்ட இடத்தை எலும்புபோலத் தாங்கும் புரதம் எந்த மூலையில் இருக்கிறது என்று ஆய்வாளர் தெர்சா மூன்று வருடமாகத் தேடினாள். அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிரும் மருந்து குப்பியில் ஒரு சொட்டுதான் மிச்சம்.

இந்த வாரமோ, சில்லில் விட்ட பாசியெல்லாம் வாலை உதறிவிட்டுக் கிடந்தன. மிரண்டால் பல்லிபோல அதுவும் வாலை விட்டுவிடும். வால் இல்லாமல் எது வேர் என்று அடித்துச் சொல்ல முடியாது. இனம் கெட்டுவிட்டது, மொத்தத்தையும் கொட்டிவிடப் போகிறேன் என்று தேநீர் வேளையில் தெர்சா சொன்னாள். கூட வேலை பார்க்கும் எரால் வழக்கம்போல, பாசிக்கே அவளைப் பிடிக்கவில்லை என்று சீண்டினான். மெர்ல் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

பாசிக் குடுவையைக் கொட்டப்போன தெர்சாவைக் கழுவும் தொட்டியருகே மறித்தாள்.

"கொட்டாத கண்ணு. மணிக்கட்டு வலி. திங்கக்கெழமலேருந்து மூணு தடவதான் அலசினேன்."

தெர்சா ஒரு சில்லில் துளித் தண்ணீர் விட்டு அமிலம் பார்க்கும் தாளை வைத்தாள். தாள் சிவந்தது; அமிலம் முழுக்கப் போகவில்லை. மெர்ல் வசவுக்குக் காத்திருந்தாள். வந்தது சிரிப்பு.

"பாவம், என் பாசி நாலு நாளா 'எரியுது, எரியுது'ன்னு சொல்லியிருக்கு. நான்தான் இனம் கெட்டுப்போச்சுன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். தள்ளுங்க, இன்னைக்கு நான் அலசுறேன்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் கைவிட்டாள். மெர்ல் பக்கத்தில் நின்று எண்ணினாள். ஐந்தாவதிலேயே தெர்சா சில்லை எடுக்கப் பார்த்தாள்.

"அஞ்சுக்கே அலுத்துக்கிட்டா எப்படிம்மா, படிச்சவளே? இன்னும் ரெண்டு."

மறுநாள் காலை மருந்தின் கடைசிச் சொட்டு போனது. அதை விடும்போது தெர்சாவின் கை துளியும் ஆடவில்லை. எத்தனையோ பேருக்குக் கழுவிக்கொடுத்திருக்கிறாள் மெர்ல். இப்படி ஒரு கையைக் கண்டதில்லை. இருட்டறையில் நுண்ணோக்கியில் குனிந்த தெர்சா வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து மெர்லை உட்கார வைத்தாள்.

மங்கலாக இரண்டு வால், முழுசாக. அவை உடம்பில் புகும் இடத்தில், குறுக்கே இழுத்துக் கட்டியதுபோல் பச்சையாய் ஒளிரும் நூல்கள்: தெர்சா தேடிய புரதம். தூசியிலும் தூசியான ஒன்றுக்குள் இவ்வளவு நேர்த்தியான கட்டு.

தெர்சா குறிப்பேட்டில் நான்கு நாள் தோல்விக்குக் காரணம் 'அமிலம்' என்று மட்டும் எழுதி மூடப்போனாள். மெர்ல் பேனாவை வாங்கிப் பக்கத்தில் எழுதினாள்: அலசியது மெர்ல், மூன்று தடவை.

தெர்சா அதன் கீழே எழுதினாள்: நேற்று ஏழு. எண்ணியது மெர்ல்.