ஜோடி மாறிய ப்ரூச்

கடையில் எனக்கு மோப்பக்காரி என்று பெயர். கோட்டிலும் சட்டையிலும் குத்திக்கொள்ளும் பழைய ப்ரூச் எது வந்தாலும் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்ப்பேன். ஆஸ்பத்திரி நாற்றம் அடித்தால் பேக்கலைட் பிளாஸ்டிக். கெட்ட பால் நாற்றம் அடித்தால் பாலிலிருந்து செய்த அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். கல்லை உதட்டில் வைப்பேன். கண்ணாடி என்றால் ஜில்லென்று இருக்கும். "ஆம்பளைங்கள மோந்து பாத்திருந்தா இந்நேரம் கல்யாணமாவது ஆயிருக்கும்" என்பார் முதலாளி. சிரித்து வைப்பேன். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அந்தக் கிண்டலாவது எனக்கு வேண்டியிருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அன்று வந்தவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில்தான் மனைவி இறந்திருக்கிறார். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த ப்ரூச்சை மேசையில் வைத்தார். பச்சை எனாமல் பூசிய இலை, காம்பில் ஒரு சிவப்புக் கல்.

"விக்கறீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு தெரியணும். கல்யாணமான புதுசுல, துறைமுகத்துக் கடையில புத்தம் புதுசா வாங்கிக் குடுத்தேன். அவ போட்டு நான் ஒரு நாள்கூட பாத்ததில்ல. பிடிக்கலையான்னு கேக்க வாய் வரல. இப்ப கேக்க ஆளில்ல. அவ இத போட்டாளா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க."

நல்ல ஆளிடம் கேட்டார், போங்கள்! கல்லைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். இன்னொருத்தி மனசுக்கு நான் எங்கே போவது? ஆனாலும் லென்ஸை எடுத்தேன்.

கல் உதட்டில் ஜில்லென்றது, உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி. கண்ணாடிதான். உடம்பு பித்தளை, மேலே தங்க முலாம். திருப்பிப் பார்த்தால், பின்னால் இருந்த ஊசி அந்த உடம்போடு பிறந்ததல்ல. முகம் ஒன்றும் முதுகு வேறொன்றுமாக இருந்தால் எங்கள் தொழிலில் அதை ஜோடி மாறியது என்போம். என் நாக்கில் சனி.

"இதுல ஜோடி மாறியிருக்குங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "யாரும்மா?" என்றார்.

"யாருன்னா?"

"நான் கடல்ல இருந்தப்ப... அவகூட யாரு?"

"ஐயையோ, ஊசியச் சொன்னேங்க! பழைய ஊசி போயி வேற ஊசி மாட்டியிருக்காங்க. எங்க கடைப் பேச்சு அது, தப்பா எடுத்துக்காதீங்க."

தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் ஒழுங்காக யோசித்தேன். பெட்டியில் கிடக்கும் ஊசி உடையாது. பழைய கீலின் ஓட்டை தேய்ந்து நீண்டிருந்தது. புது ஊசியை ஈயம் வைத்துப் பற்றியிருந்தார்கள். தட்டான் வேலையில்லை, ரேடியோ ரிப்பேர்க்காரர் வைக்கிற பற்று. அந்த ஊசியும் வளைந்திருந்தது.

"போட்டிருக்காங்க. ஊசி ஒடையிற அளவுக்குப் போட்டிருக்காங்க."

"மனசு ஆறட்டும்னு பொய் சொல்லாதீங்கம்மா. அவ அனுப்பின போட்டோ எல்லாம் வெச்சிருக்கேன். ஒண்ணுலகூட இது இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. மோப்பக்காரி பொய் சொல்கிறாளாமே! மறுபடி லென்ஸை வைத்தேன். வெளியே தெரியும்படி குத்தினால் முதுகுதான் துணியில் உரசும். இதிலோ முகத்தில்தான் முலாம் போய்ப் பித்தளை பல்லிளித்தது. இலையின் நரம்புக்குள் ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன்.

"மேல இன்னொண்ணு போட்டு மறைச்சிருக்காங்க. மஞ்சக் கம்பளி நூல், பாருங்க."

குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"மஞ்ச ஸ்வெட்டர். எல்லா போட்டோலயும் அதான். வெயில் காலத்துலகூட. இவளுக்கென்ன பைத்தியமான்னு நெனப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவ எங்கம்மா வீட்டுலதான் இருந்தா. அவங்க வாய் உங்களுக்குத் தெரியாது. புருஷன் கடல்ல கெடக்கான், உனக்கு மினுக்கு கேக்குதான்னு தெருவக் கூட்டியிருப்பாங்க."

"நீங்க லீவுல வந்தப்ப?"

"கழட்டி வெச்சிருப்பா. அதான் நானே வந்துட்டேனே."

அந்த நூலையும் தாளோடு மடித்து வாங்கிக்கொண்டு போனார். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கு அழுகை முட்டியது. அவருக்காக இல்லை.

வீட்டு மேசை இழுப்பறையில் எனக்கும் ஒரு ப்ரூச் இருக்கிறது. வெள்ளிக் கம்பியில் பின்னிய பூ, முதல் சம்பளத்தில் எனக்கு நானே வாங்கியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கடை அட்டையிலிருந்து கழற்றவே இல்லை. அன்று அதை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். கம்பி தேயவில்லை, ஊசி வளையவில்லை, ஒரு நூல்கூட இல்லை. எந்த மோப்பக்காரியும் சொல்லிவிடுவாள், இதை யாரும் போட்டதில்லை என்று.

அட்டையைக் கிழித்தேன். வீட்டில் போடும் பழைய சட்டையில் குத்திக்கொண்டு, பாத்திரம் கழுவப் போனேன். குழாய்த் தண்ணீர் அதன்மேல் தெறித்தது. தேயட்டும், சனியன்.