பங்காரம்மா பூசிய கொம்பு

துடியலூரில் எங்கள் வீதியில் பங்காரம்மாவுக்கு ஆகாதவர்கள் நிறையப் பேர். அதில் முதலிடம் அவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த தொர்வாவுக்கு.

தொர்வா கொம்பர் இனத்துப் பெண். சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு கிடந்தவர்கள், சண்டை ஓய்ந்ததும் கீழே இறங்கி, மில்லுக்கும் மாலுக்கும் காவல் நிற்க வந்துவிட்டார்கள். நெற்றிக்கு மேலே முழ நீளத்தில் இரண்டு கொம்பு. வாசலில் குனிந்துதான் நுழைவாள். அவளைக் குடிவைத்தவர் பங்காரம்மாவின் கணவர் வெங்கடபதி. அந்தக் குற்றத்துக்கு அவருக்கு இன்னும் காபியில் சர்க்கரை கிடையாது.

கொம்பர்கள் தூங்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஜன்னலோரம் தலைவைத்து, கொம்பிரண்டையும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவார்கள். வருகிற எதிரி முதலில் கொம்பைப் பார்க்கட்டும் என்று. தொர்வாவின் ஜன்னலுக்கு எதிரே இருந்ததோ பங்காரம்மாவின் மாட்டுக்கொட்டகை.

பட்டிப் பொங்கல் அன்று காலை பங்காரம்மா தன் சிந்து மாட்டைக் கழுவி, ஒரு கொம்புக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று பெயிண்ட் அடித்து முடித்தார். டப்பாவில் மிச்சம் இருந்தது. எதிர் ஜன்னலில் தொர்வாவின் கொம்பு இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நான் காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காய்ந்த துணிதான், அதை விடுங்கள்.

“ஏனுங் சாஜிதா, இதுக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துப்போடட்டுமா? நல்ல நாளும் அதுவுமா மொட்டையா நிக்குது பாருங்க.”

“எந்திரிச்சுப்போட்டா என்னக்கா பண்ணுவீங்க?”

“நைட் ஷிப்ட் முடிச்சுப்போட்டுப் பொணமாட்டத் தூங்குது. கொம்புல உணர்ச்சி ஏதுங்க?”

ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். நுனியில் ஒரு மஞ்சள் பொட்டு வேறு. மாட்டுக்குக்கூட அந்தப் பொட்டு வைக்கவில்லை.

மதியம் எழுந்த தொர்வா போட்ட அலறலில் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொம்பர் போரில் பிடிபட்டவர்களின் கொம்புக்குத்தான் சாயம் பூசுவார்களாம். பூசிய கை எஜமானி, பூசப்பட்டவள் அவள் உடைமை. பொழுது சாய்வதற்குள் பூசியவளோடு மோதி ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பை வேரோடு அறுத்துவிடுவார்கள். கொம்பில்லாதவள் அதன்பின் ஆயுதம் தொடக்கூடாது. அன்று மாலைதான் அவள் கூட்டத்தார் வந்து, கொம்பில் இரும்புப் பூண் மாட்டி அவளைப் படைத்தலைவி ஆக்குவதாக இருந்தது.

தொர்வா கோடரியோடு முன்வாசலில் வந்து நின்றாள். பங்காரம்மா கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார்.

“வெளிய வாங்க. சண்டை போடலாமுங்க.”

கொங்குநாட்டுக்கு வந்து அவள் கற்றுக்கொண்ட ஒரே நல்ல பழக்கம் அந்த ‘ங்க’. கழுத்தை வெட்டுவதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் சொல்வாள்.

“எனக்கு மூட்டுவலி. தின்னர் வெச்சுத் தொடச்சாப் போயிரும், போ.”

“தொடச்சாப் போறதில்லீங்க. கையில அருவாமனையாச்சும் எடுத்துக்குங்க. வாசப்படியத் தாண்டுங்க.”

“பங்காரு, ஒரு மன்னிப்புக் கேட்டுப்போடு” என்றார் வெங்கடபதி.

“நீங்க உள்ள போங்க!” என்று அவரை விரட்டிவிட்டு, பங்காரம்மா வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: “கொம்பு இருந்தா மாடுதான? மாட்டுக்குப் பூசுனேன்! நாளைக்கே ஊட்டக் காலி பண்ணு!”

வாசலுக்கு உள்ளே நிற்பவரைத் தொடுவது கொம்பருக்கு இழிவு. அது பங்காரம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தொர்வா வெயிலில் நின்றாள். அவர் உள்ளே டிவியைச் சத்தமாக வைத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மினி லாரியில் கொம்பர் கூட்டம் வந்து இறங்கியது. கூட்டத்தின் தலைவர் மர்கூன், பல்லில்லாத முரடர். ஒரு கையில் பூண், மறு கையில் ரம்பம். தொர்வாவின் கொம்பைப் பார்த்தார். பூணை லாரியிலேயே வீசினார்.

“எதிரி வெளிய வந்தாளா?”

“வரலை.”

“குனி.”

அவள் குனிந்தாள். ரம்பம் கொம்பின் அடியில் பதிந்தது. அப்போது கொட்டகையில் மாடு கத்தியது. தொர்வா திரும்பிப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே நீலம்.

“கைதி தனியாத் தப்பிச்சா அவ யாரு?” என்று குனிந்தபடியே கேட்டாள்.

“கோழை.”

“இன்னொரு கைதிய மீட்டுட்டுப் போனா?”

“ஜெயிச்சவ.” மர்கூன் கொட்டகையைப் பார்த்துக் காறித் துப்பினார். “அது மாடுடீ, கழுதை.”

“கொம்பு இருக்குது. ஒரே கை பூசுன சாயம். கட்டியும் போட்டிருக்குது. கொம்பு இருந்தா மாடுதான்னு அந்தம்மாவே சொன்னாங்க. அப்ப நானும் அதுவும் ஒரே பட்டி.”

மர்கூன் சுவருக்கு மேல் தெரிந்த என் தலையைப் பார்த்து உறுமினார். “சொன்னாளா?”

கிரில்லுக்குப் பின்னாலிருந்து பங்காரம்மா கண்ணாலேயே என்னைக் கொன்றார். காது கேட்டதை வாய் சொல்லித்தானே ஆகும்.

“சொன்னாங்க. ரெண்டு தடவ.” ஒரு தடவைதான். இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

ரம்பம் விலகியது. தொர்வா கொட்டகைக்குப் போனாள். கயிற்றை அவிழ்க்கவில்லை. முளைக்குச்சியையே பிடுங்கிக்கொண்டு வந்தாள். மாடு அவள் பின்னால் மரியாதையாக நடந்தது.

“ஐயோ, என்ற மாடு! கறவை மாடுங்க!” பங்காரம்மா பூட்டைத் திறந்து, விளக்குமாற்றோடு வீதிக்கே ஓடிவந்துவிட்டார்.

தொர்வா கோடரியை எடுத்தாள்.

“வந்துட்டீங்களா? ரொம்ப சந்தோசமுங்க.”

பங்காரம்மா தன் காலைக் குனிந்து பார்த்தார். அது நடுரோட்டில் இருந்தது. மூட்டுவலிக்காரி பின்பக்கமாகவே அத்தனை வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. கிரில் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

மர்கூன் முகம் சுளித்துக்கொண்டே, ரம்பத்தால் தொர்வாவின் சிவப்புக் கொம்பில் வெற்றிக்கு ஒரு வெட்டு இழுத்தார். பெயிண்ட் உதிர்ந்தது. லாரியில் கிடந்த பூணை எடுத்து அதன்மேல் இறுக்கினார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. மாட்டை லாரியில் ஏற்றினார்கள்.

“போலீசுக்குப் போறேன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தொர்வா லாரியில் ஏறி மாட்டின் பக்கத்தில் நின்றாள்.

“போங்க. அதுக்கும் வாசப்படியத் தாண்டோணுமுங்க.”