எங்களைச் சேர்க்காதீர்கள்

மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைந்த புதுப் படம் வெளியான அன்று நோரீனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சிட்னியிலிருந்து நாள்பூரா கார் ஓட்டினால் வருகிற அவளுடைய ஊரான குர்ரமின், தொகுதிப் பட்டியலிலேயே இல்லை! ஊரை அலாக்காகத் தூக்கிப் பிண்டாரா தொகுதியில் போட்டிருந்தார்கள். போயும் போயும் பிண்டாராவா? விவசாயக் கண்காட்சியில் அவள் கேக்குக்கு வருஷா வருஷம் இரண்டாம் பரிசு கொடுத்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் ஊர்! அந்தப் பெயரில் ஓட்டுப் போடுவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போடாமலும் இருக்க முடியாது, ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் வரும்.

பிண்டாரா கால்பந்துக் கிளப் தலைவன் மெர்வினே போன் செய்தான்.

"நோரீன், உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா உன் ஊரோட ஒரே தொகுதியில இருக்கிறது அதைவிட ஆகாது. சேர்ந்து எதிர்ப்போமா?"

"எதிர்ப்போம். ஆனா உன் ஊர்ல நான் கால் வைக்க மாட்டேன்."

"நான் மட்டும் உன் ஊருக்கு வரத் தவங்கிடக்கிறேனாக்கும்!"

ஆகவே இரண்டு ஊருக்கும் நடுவில், செத்தமாட்டு ஓடைக்கரையில், ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பழைய கொட்டகையில் கூடினார்கள். வாராவாரம் கூட்டம் பெருத்தது. பிண்டாராக்காரர்கள் சாசேஜ் சுட்டார்கள், குர்ரமின்காரர்கள் கேக் கொண்டுவந்தார்கள். மெர்வின் மூன்று துண்டை உள்ளே தள்ளிவிட்டு, "இதுக்கா முதல் பரிசு கொடுக்கலை? எந்தக் கபோதி நடுவர்?" என்றான்.

"உன் பொண்டாட்டிதான்யா!"

அவன் நாலாவது துண்டை எடுத்தான்.

அவர்கள் கொடுத்த மனுவை எல்லை ஆணையம் விசாரித்த நாளில் ஒரே பஸ்ஸில் போய் இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சைச் சட்டை. முதுகில் 'எங்களைச் சேர்க்காதீர்கள்'. ஆணையர் அம்மாள் கனிவாகக் கேட்டார்.

"இந்த மனுவை யாரு தயார் பண்ணினது?"

"நாங்க ரெண்டு ஊரும் சேர்ந்துதான் மேடம்!" என்றாள் நோரீன், பெருமை பிடிபடாமல். "வாராவாரம் செத்தமாட்டு ஓடையில கூடுவோம். அவங்க சாசேஜ், எங்க கேக். ஏன்யா மெர்வின், எதுக்குக் காலை மிதிக்கிறே?"

அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. ஒன்றாக வாழும் மக்களைப் பிரிப்பது முறையல்ல, இவ்வளவு ஒற்றுமையான இரண்டு ஊர்களை ஆணையம் வேறெங்கும் கண்டதில்லை, ஆகவே சேர்த்தது சேர்த்ததுதான். பெயரில் மட்டும் மனத்தாங்கல் வேண்டாமென்று, இருவருக்கும் பொதுவான இடத்தின் பெயரையே வைத்திருந்தார்கள்: செத்தமாட்டு ஓடைத் தொகுதி.

குர்ரமின் பெயர் போனதே என்று நோரீன் அழப் பார்த்தாள். பிண்டாரா பெயரும் போனது நினைவுக்கு வர, சிரித்துத் தொலைத்தாள். போன் அடித்தது.

"நோரீன், ரேடியோவுல நம்ம மானம் போகுது! இந்தப் பேரு வேண்டாம், பிரிச்சுவிடுங்கன்னு மறுபடி போகணும். இந்தத் தடவை அந்தம்மா முன்னால அடிச்சுக்கிட்டே போவோம்."

"அதுக்கு ஒத்திகை பாக்கணுமே."

"எங்க கூடுறது?"

"வேற எங்கய்யா? சாசேஜை மறந்துடாதே. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, கேக் இருக்கு."