தங்கச்சி பங்கு

தலையணையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார் குளத்துக்காரர். நர்ஸ் அவருடைய தங்கையை ஒருக்களித்துப் புரட்டி, நனைந்துபோன விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. விரல் பட்ட இடம் பள்ளமாகவே நின்றது. முகம் மட்டும் சுருங்கிச் சின்னதாகி, முன்பற்கள் இரண்டும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. அந்தப் பற்களைப் பார்த்துத்தான் ஐந்து வயதில் அவளுக்கு 'அணில்' என்று பெயர் வைத்தார். நாற்பத்தாறு வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை.

"தலையணைய வை அண்ணா. எவ்வளவு நேரம் ஊர்வலத்துக்குக் கொடி பிடிச்ச மாதிரி நிப்ப?"

வைத்தார். நர்ஸ் வாய்க்குள் சிரித்துக்கொண்டு விரிப்பைச் சுருட்டி எடுத்துப் போனாள்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான். அணிலின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மாற்று ஆள் கிடைக்காமல் காலை டிரிப்புக்குப் போயிருந்தார். மகள் பாப்பா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் விடிந்ததும் வந்து பார்த்துவிட்டு, குளத்துக்காரரை மட்டும் நடைபாதைக்கு அழைத்துச் சொல்லியிருந்தார்: "இனிமே டயாலிசிஸ் மெஷின்ல போட்டா இதயம் தாங்காது. பக்கத்துலயே இருங்க."

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மூலைக்கடையில போயி அஞ்சு காப்பி எடுத்தியாமே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரிக்கு எதிரே பதினான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். கண்ணாடிமேல் வைக்கிற எந்தத் தாளையும் படிக்காமல் விடமாட்டாள். ஊர் ரகசியமெல்லாம் என் கண்ணாடிக்கு அடியில்தான் என்று பீற்றிக்கொள்வாள். படுக்கையில் விழும்வரை கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அதனால்தான் அவர் இரண்டு தெரு தள்ளி, அவளுக்கு ஆகாத அந்த மூலைக்கடைக்குப் போனார்.

"அவசரமா இருந்துச்சு."

"அந்த ஆளு என்னமோ பெரிய விருது வாங்கினவன் மாதிரி பாப்பாகிட்ட சொல்லியிருக்கான். 'உங்க மாமாவே எங்க கடைக்குத்தான் வராரு'ன்னு. எனக்கு எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா? கூடப்பொறந்தவனே அடுத்தவன் கடைக்குப் போனா?"

"தப்புதான்."

"என்ன தாளு அது?"

"பண்ணைத் தாளு. என்னமோ ஆபீஸுக்குக் கேட்டாங்க."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். இப்ப பாரு, தக்காளி மாதிரி இருக்கு."

அது பரிசோதனைக்கூடத்தின் தாள். அவருடைய மீன் பண்ணையில் எட்டுக் குளம். பெரிய கடை ஒன்று மீன் எடுக்க வந்தபோது சோதனைச் சான்று கேட்டது. எடுத்துக் கொடுக்கலாம் என்று தெம்பாகத்தான் மீனைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மீனில் காட்மியமும் ஈயமும் அனுமதித்த அளவைத் தாண்டி இருப்பதாக வந்தது. நம்பாமல் தண்ணீர், சேறு, தீவனம் மூன்றையும் தனித்தனியாக வேறொரு இடத்துக்கு அனுப்பினார். தண்ணீர் சுத்தம். சேற்றில் கொஞ்சம். தீவனத்தில்தான் எல்லாம் இருந்தது. ஏழு வருடமாக அவர் கையாலேயே மூட்டை பிரித்து வீசிய தீவனம். மீனின் ஈரலுக்கு எதிரே போட்டிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பரிசோதனைக்கூடத்துப் பெண்ணே, "இதை யாரும் சாப்பிடலையே சார்? முதல்ல கிட்னியத்தான் அடிக்கும்" என்று கேட்டாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வலை இழுத்தால், கூடையில் முதலில் விழுகிற நல்ல மீன் மூன்றைப் பண்ணை ஆட்கள் தனியாக எடுத்து வைப்பார்கள். அதற்குத் 'தங்கச்சி பங்கு' என்றே பெயர். அணிலுக்குத் தலையும் ஈரலும் என்றால் உயிர். நான்கு வருடத்துக்கு முன் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று தெரிந்ததும் கறியை நிறுத்தச் சொன்னார்கள். மீன் கொஞ்சம் பரவாயில்லை என்றார்கள். அன்றிலிருந்து அவர் சனிக்கிழமையோடு புதன்கிழமையும் கொண்டுவர ஆரம்பித்தார்.

"அணில்," என்றார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் கொண்டாந்த மீனு இருக்குல்ல..."

"ஆங், நல்லவேளை ஞாபகப்படுத்தின. மூணு வாரமா ஏன் கொண்டு வரல? மாமாவுக்கு நம்ம மேல கோவமாம்மான்னு பாப்பா கேக்குறா. நான் சாப்பிடலன்னா என்ன, அவளுக்காவது கொண்டாரக் கூடாதா? எலும்பும் தோலுமா இருக்கா."

அவர் தலையணையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"கொண்டாரியா?"

"கொண்டாரேன்."

"தலையையும் வெட்டிப் போட்டுடாம கொண்டா."

"சரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஜெராக்ஸ் மெஷினில் மை தீர்ந்திருக்கும், பாப்பாவிடம் சொல்லு என்றாள். பிறகு வந்த பேச்சு புரியவில்லை. கணவரும் மகளும் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். மகள் அம்மாவின் தலையை வாரிவிட்டாள். மதியம் இரண்டு பத்துக்கு மூச்சு நின்றது. நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஜன்னல் திரையை இழுத்து விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு கொள்ளாத கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். பரீட்சை நேரத்தில் காசில்லாமல் வந்தாலும் காப்பி எடுத்துக் கொடுக்கும் அக்கா என்று ஒரு பெண் சொல்லிச் சொல்லி அழுதாள். குளத்துக்காரர் மாடிப்படிக்குக் கீழே, செருப்புகள் குவிந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கேயும் தேடி வந்து கையைப் பிடித்தார்கள்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்? வாரத்துல ரெண்டு நாளு, மழையோ வெயிலோ, கையில பையோட வந்து நிப்பான்," என்று பெரியம்மா சுற்றியிருந்தவர்களிடம் சொன்னாள். "நாலு வருஷம் அவ உயிரோட இருந்ததே இவன் ஊட்டின ஊட்டத்துலதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் கூட்டம் கரைந்து, தூரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது.

"அடியில ஐஸோட ஐஸா நாலு பொட்டலம் மீன் இருக்கே!" பெரியம்மாவின் குரல். "சாவு வீட்டுல மீனான்னு பாத்தா முடியாது, புள்ளைங்க காலையிலேர்ந்து பட்டினி. இதை வெச்சே ஒப்பேத்திடலாம்."

அவர் எழுந்த வேகத்தில் செருப்புக் குவியல் சரிந்தது. சமையலறைக்குள் நுழைந்தபோது பொட்டலங்கள் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதந்துகொண்டிருந்தன. நான்கையும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டை நனைந்து சில்லிட்டது.

"இது வேணாம் பெரியம்மா."

"ஏன்டா?"

"பழசு."

"என்ன பழசு? ஐஸ்ல இருந்தது. நல்லாத்தான இருக்கு?"

"வேணாம்னா விடுங்களேன்!"

குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது. பெரியம்மா விக்கித்துப்போய் நின்றாள். தங்கச்சி கை பட்டதை வேறு யாரும் தொடக்கூடாது என்று நினைக்கிறான் போல, பாவம் என்று யாரோ சொன்னார்கள். பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளை, அணிலின் கணவர், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் ஒடிக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிற கண் அது.

பின்பக்கத்துத் துணி துவைக்கும் கல்லருகே வைத்து மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னார் குளத்துக்காரர். பொட்டலங்களைக் கீழே வைக்காமலே சொன்னார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"இருபத்திமூணு நாளா."

"டாக்டர்கிட்ட?"

"போன வாரம் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. இதுதான் காரணம்னு சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுன்னாரு. அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை வேற இருந்துச்சுன்னாரு."

"தீவனக்காரன்?"

"எங்க மூட்டையில சான்றிதழ் ஒட்டியிருக்கு, உங்க தண்ணியப் பாருங்கன்னுட்டான். மூணு ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். நீங்களா எடுத்த சாம்பிள் செல்லாது, நாங்க வந்து எடுக்கணும்னாங்க. அதுவரைக்கும் மீனை விக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது, வெளிய விடவும் கூடாதாம். எப்ப வருவீங்கன்னா, வரிசைப்படி வருவோம்னாங்க."

மாப்பிள்ளை கொடியில் காய்ந்துகொண்டிருந்த மனைவியின் துண்டைப் பார்த்தார். அதை எடுக்கப் போனவர், எடுக்காமல் கையை இறக்கிக்கொண்டார்.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல மாப்பிள்ளை."

உள்ளே மகள் யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளர் வைக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"ஏழு வருஷத்துக்கு முன்னால பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு," என்றார் மாப்பிள்ளை. "அம்மாவும் மகளும் ஈரலுக்குச் சண்டை போடுவாங்க. நான்தான் ரெண்டா வெட்டி வைப்பேன்."

குளத்துக்காரர் வாய் திறந்தார். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார், நானே அழைத்துப் போகிறேன் என்று மூன்று வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் இருந்தது. "ரத்தம் எடுத்து..." என்பது மட்டும்தான் வந்தது.

"நான் பாத்துக்கறேன்."

"நானும் கூட வரேனே."

"வேணாம் மச்சான். பாப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க..." மாப்பிள்ளை நிறுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று குளத்துக்காரருக்குத் தோன்றியது. "நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம்..."

"சரி," என்றார் குளத்துக்காரர்.

வாசலுக்கு வந்தபோது மகள் ஓடி வந்தாள். "மாமா, சாப்பிடாம போறீங்களே?" அழுது வீங்கிய முகம். அம்மாவின் அதே முன்பற்கள். அவர் பொட்டலப் பையை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு, அவள் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பண்ணையில் ஆள் இல்லை. சாவுக்கு என்று எல்லோருக்கும் விடுமுறை விட்டிருந்தார். கிடங்குக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டி, பொட்டலங்களைப் பிரிக்காமலே போட்டு மூடினார். மண்ணை மிதித்துச் சமன் செய்தார். நிமிர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மணி நான்கு.

முதல் குளத்தின் கரையில் கால் வைத்ததும் தண்ணீர் சலசலத்தது. தீவனம் நிறுத்தி மூன்று வாரமாகியும் மீன்கள் நேரத்தை மறக்கவில்லை, அவர் செருப்புச் சத்தத்தையும் மறக்கவில்லை. நடுக்குளத்திலிருந்து கறுப்பாக ஒரு திட்டு கிளம்பிக் கரைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான வாய்கள் மேலே வந்து திறந்து மூடின. அவர் ஓரடி நகர்ந்தால் அவையும் ஓரடி நகர்ந்தன. பக்கத்துக் குளத்திலும் தண்ணீர் கலங்கத் தொடங்கியது.

பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், புல்மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் திரும்பி நடந்தார்.