வாங்க, போங்க

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் மரியாதைக்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் வெளியூர். கார் வந்து நிற்கும்போதே, "வாங்கம்மா, வாங்க சார், உக்காருங்க, மோர் சாப்புடுறீங்களா" என்று கடையே குழைந்து நிற்கும். உள்ளூர்க்காரி வந்தால், "இன்னாக்கா, இந்தப் பக்கமே காணோம்" என்பதோடு சரி. மோரும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. சேலை எடுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சுகாசினி இதைத் தெரிந்துகொண்டாள். கூடவே இன்னொன்றும் தெரிந்துகொண்டாள். முதலாளி மாணிக்கவாசகம் ஒருத்தியை, "ஏ பொண்ணு, கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று திட்டிக்கொண்டிருக்கும்வரை அவள் வேலைக்கு ஆபத்தில்லை. "கொஞ்சம் இப்படி வாங்கம்மா" என்று கூப்பிட்டாரானால், மறுநாள் அவள் வரவேண்டியதில்லை.

வாங்குகிறவர்கள் சங்கதியும் அப்படித்தான். "இதுக்கா இந்த வெல? ஊர்ல இல்லாத ஜரிகையா இது?" என்று மல்லுக்கு நிற்கிறவள் சேலை எடுக்காமல் படியிறங்க மாட்டாள். விரித்துப்போட்ட ஒவ்வொன்றுக்கும், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சிரிக்கிறாளே, அவள் போனால் போனவள்தான். அவளுக்கு அங்கே எதுவும் வேண்டியதில்லை. எவ்வளவு மோர் ஊற்றினாலும் அதுதான் கதை.

ஆகவே, மாதக்கணக்கில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவள் புருஷன் ராமராஜன் ஊர் வந்து, சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, எதிரே நின்ற மனைவியைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபோது, சுகாசினிக்கு முதலாளியின் 'கொஞ்சம் இப்படி வாங்கம்மா' காதில் ஒலித்தது.

பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் வேலையாயிருந்த ஒரு படைப்பிரிவில் அவன் நாயக் பதவியில் இருந்தான். வடக்கே ஒரு மலைச் சாலையில் வெடித்த வெடி அவனைத் தூக்கி எறிந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட்கூட நசுங்கவில்லை. வெடியின் அதிர்வு மண்டைக்குள் புகுந்து மூளையைக் குலுக்கிவிட்டது என்றார்கள். அவள் ரயிலேறிப் போய்ப் பார்த்தபோது நினைவில்லாமல் கிடந்தான். பிற்பாடு போனில் பேசினான். "சரிங்க", "சாப்ட்டேங்க" என்பான். பக்கத்தில் யாரோ பெரிய ஆபீசர் நிற்கிறார் போலிருக்கிறது, அதுதான் பயல் பம்முகிறான் என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

ஏனென்றால் ராமராஜன் லீவில் வந்து இறங்கும் அழகே வேறு. தெருமுனையிலேயே கத்துவான்: "ஏய் சுகா! இன்னாடி, புருசன் வரான், மூஞ்சிய கொழம்புச் சட்டி மாதிரி வெச்சினு நிக்கிற?" அவளும் விடமாட்டாள். "யோவ், ஒம்மூஞ்சியப் பாத்துதான்யா இப்டி ஆயிடுச்சி. மொதல்ல காலக் கழுவினு வா!" அப்புறம் மீன் குழம்பில் புளி தூக்கல் என்று ஒரு சண்டை, மின்விசிறி எந்த எண்ணில் ஓடவேண்டும் என்று ஒரு சண்டை. லீவு முடிகிறவரை பேரம் படியாது. கிளம்புகிற அன்று இரண்டு பேரும் அழுவார்கள்.

இப்போது குழம்பை ஊற்றினால், "போதும்ங்க" என்றான்.

அவன் அம்மா பொன்னியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. குழாயடியில் நின்று தெருவுக்கே சொன்னாள். "எம்புள்ள எப்டித் திருந்தி வந்துக்கிறான் தெரியுமா? என்னையே வாங்கம்மா, உக்காருங்கம்மான்றான். முன்னல்லாம் கெயவி, கெயவின்னு கூப்ட்ட பய."

"ஒனக்கு இது நல்லா இருக்குதா அத்தே?" என்று கேட்டாள் சுகாசினி.

"நல்லா இல்லாம? எவ்ளோ பெரிய வெடியாம். போயிருந்தான்னா இன்னா பண்ணியிருப்போம்? வந்துட்டான். வாங்கன்னு கூப்ட்டா இன்னா, கெயவின்னு கூப்ட்டா இன்னா?" என்று சொன்ன பொன்னியம்மாள், குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

கடையில் எஸ்தர்தான் சுகாசினிக்குக் கூட்டு. விஷயத்தைக் கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொண்டாட்டிய வாங்க போங்கன்றானா? எங்க ஊட்லயும் ஒருத்தன் கீறான், எருமன்னுதான் கூப்டுவான். அவனையும் ஒருக்கா பட்டாளத்துக்கு அனுப்பி..." பாதியில் நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் வேற. மன்னிச்சிக்கடி."

"நீயாவது 'டி' போட்டுக் கூப்ட்டியே" என்றாள் சுகாசினி.

அவள் சும்மா இருக்கவில்லை. சண்டைக்கு இழுத்துப் பார்த்தாள். குழம்பில் இரண்டு பங்கு உப்பைக் கொட்டினாள். அவன் கண்ணில் நீர் வரத் தின்றுவிட்டு, "நல்லா இருந்துச்சிங்க" என்றான். அவனுடைய செருப்பை ஒளித்துவைத்தாள். வெறுங்காலோடு கடைக்குப் போய்வந்தான். அவன் உயிராய் வைத்திருந்த பழைய பனியனைக் கரித்துணி ஆக்கி, அவன் எதிரிலேயே அடுப்பைத் துடைத்தாள். "நான் துடைக்கட்டுங்களா?" என்று எழுந்து வந்தான். அன்றைக்கு அவள் தாங்கமாட்டாமல், "யோவ், ஒரு தடவ திட்டுயா! வாய்ல இன்னா வெச்சினுக்கிற?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மன்னிச்சிக்கோங்க" என்றான் ராமராஜன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகம். தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

லீவு முடிகிற வாரம் சென்னை ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் பழைய படைப்பிரிவுக்கே திரும்பலாம். மனைவியையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பஸ் தாமல் ஏரிப் பக்கமிருந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டுதான் வந்தது என்றாலும் இரண்டு இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் ராமராஜன் தானாகவே வாயைத் திறந்தான். வந்ததிலிருந்து அவனாகப் பேச்செடுத்தது அதுவே முதல் தடவை.

"டாக்டர்ட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"இன்னாத்தச் சொல்றது?"

"உங்களுக்குத் தெரியும்ங்க. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது. நீங்க சுகாசினி. கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல கரண்ட்டு போச்சி, நீங்க சிரிச்சீங்க. கேட்டா கரெக்டா சொல்லிடுவேன். ஆனா..." வார்த்தையைத் தேடினான். "இன்னொருத்தனுக்கு நடந்தத யாரோ எங்கிட்ட சொன்ன மாதிரி இருக்குதுங்க. அவன் உங்கள எப்டிக் கூப்ட்டான்னும் தெரியும். நான் எப்டிங்க அப்டிக் கூப்பிடறது? நீங்க எவ்ளோ நல்லவங்களா இருக்கீங்க."

சுகாசினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடையில் எத்தனையோ பேர் முகத்தைப் படித்தவள். இந்த முகத்தில் பொய் இல்லை. இருந்திருந்தால் தேவலை, ஏதாவது பேசிப் பார்த்திருக்கலாம்.

"அப்ப அங்க மட்டும் எதுக்குப் போவணும்ன்ற?"

"அங்க சுளுவுங்க. தோள்ல பட்டையப் பாத்தா போதும், சார் போடணுமா, பேரச் சொல்லிக் கூப்பிடணுமான்னு தெரிஞ்சிடும். பேரும் நெஞ்சிலயே எழுதியிருக்குது. இங்க யாரு தோள்லயும் ஒண்ணும் இல்லீங்க. யாருகிட்ட எவ்ளோ கிட்டப் போய் நிக்கணும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. அதான் எல்லாரையும் வாங்கன்னு சொல்லிடறேன். தப்பு வராதுல்ல?"

"அங்க போனா கண்ணிவெடி எடுக்கச் சொல்லுவாங்கய்யா. கை நடுங்குனா இன்னா ஆவும்?"

"நடுங்காதுங்க" என்றான் நல்ல பிள்ளையாக. "எனக்குத்தான் இப்ப பயமே வர்றதில்லையே."

பூந்தமல்லியில் இறங்கும்போது மறுபடி சொன்னான்: "நீங்க வியாபாரம் பண்றவங்க. உங்களால முடியும்."

முடியும்தான். இழை அறுந்த சேலையை எப்படி மடித்தால் குறை உள்மடிப்பில் போகும், வாங்குகிறவள் கை அந்த இடத்துக்குப் போகும்போது எந்த முந்தானையைத் தூக்கிக் காட்டிப் பேச்சை மாற்றவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இவனையும் அப்படி மடித்துக் கொடுத்துவிடலாம். அவனும் சந்தோஷமாகப் போவான்.

மேஜர் காயத்ரி நரம்பியல் டாக்டர். வெடியில் மூளை கலங்கிய வீரர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து ஆராய்ச்சி செய்கிறவர். கோயம்புத்தூர்ப் பேச்சு. நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார், ராமராஜன் தடுமாறாமல் சொன்னான். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தான். வார்த்தைகளைச் சொல்லி, அப்புறம் திருப்பிக் கேட்டார். அவன் ஒன்றுகூட விடவில்லை. "இவங்க யாருங்க?" என்று சுகாசினியைக் காட்டிக் கேட்டார். "என் வீட்டுக்காரங்க, மேடம்" என்றான் விறைப்பாக. அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எப்படி இருக்கறாருங்க? கோவம் அதிகமா வருதா? கத்தறது, அடிக்கறது?"

கதவு கண்ணாடிக்கு அப்பால் ராமராஜன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நல்லா இருக்கறாரு' என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"என்னை அவரு வாங்க போங்கன்றாரு டாக்டர்."

சொன்னதும் அது என்ன ஒரு புகார் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"முன்னாடி?"

"வாடி போடின்னுதான் பேசுவாரு. எப்பவும் சண்டதான். இப்ப உப்பக் கொட்டுனாலும் நல்லா இருக்குதுன்றாரு. பயம்கூட வர்லியாம். அவரே சொல்றாரு." அதற்குமேல் அணை நிற்கவில்லை. பஸ்ஸில் கேட்டது முழுவதையும் கொட்டினாள்.

"சந்தேகம் இருந்துச்சுங்க" என்றார் டாக்டர். "எல்லாக் கேள்விக்கும் பதில் சரியா சொல்றாரு. ஆனா உங்களக் காட்டி யாருன்னு கேட்டப்ப அவரு முகத்துல ஒண்ணுமே அசையல. கோவக்காரங்களா மாறினவங்க வீட்லதான் ஓடி வந்து சொல்லுவாங்க. இப்படி அமைதியாப் போறவங்களப் பத்தி யாரும் சொல்றதில்ல, நல்லதாப் போச்சுன்னு விட்டுடறாங்க. களத்துக்கு இவர அனுப்ப முடியாது. இங்கயே பயிற்சி, சிகிச்சை ஆரம்பிக்கலாம்."

"எப்ப சரியாவும்?"

"சொல்ல முடியாதுங்க."

"ஒரு வருசம் ஆவுமா?"

"தெரியலம்மா."

"ரெண்டு? சரி, மூணு வெச்சிக்கலாம். முழுசா வேணாம் டாக்டர். பாதி வந்தாக்கூடப் போதும். மாசத்துல ஒரு நாள் திட்டுனாப் போதும்." தன் குரல் கடைக்குரலாக மாறிவிட்டதை அவளே கேட்டாள்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொடுக்கறது என் கைல இருந்தா, நீங்க கேட்கறதுக்கு முன்னாடியே முழுசாக் கொடுத்திருப்பேன்ங்க. மூளைல சில இடத்துல அடிபட்டா ஞாபகம் தங்குது, நெருக்கம் போயிடுது. அது எப்படித் திரும்பும்னு நாங்க இப்பத்தான் தேடிட்டு இருக்கறோம். வரும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

முடிவை டாக்டரே அவனிடம் சொன்னார். வெளியே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றபோது சுகாசினி காத்திருந்தாள். காட்டிக்கொடுத்துவிட்டாள். அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான், அதையும் கெடுத்துவிட்டாள். பழைய ராமராஜனாயிருந்தால் ஆஸ்பத்திரியே அதிர்ந்திருக்கும். இதற்காவது கோபம் வரும், வரட்டும், ஓங்கி அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"பரவால்லீங்க" என்றான். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. வெயிலா இருக்குது, இப்டி நிழல்ல வாங்க."

திரும்பும்போது மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, விளிம்பில் அவன் உட்கார்ந்தான். பூந்தமல்லி தாண்டிக் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் ஏறி, "கொஞ்சம் உள்ள தள்ளுப்பா" என்றாள். தள்ளினால் சுகாசினியின் தோள் படும். ராமராஜன் எழுந்துகொண்டான். "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்கம்மா." கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் முகத்தைத் திருப்பி நின்றான்.

அம்மாளுக்கு மனம் நிறைந்துபோயிற்று. "பாரு, பொம்பள உக்காந்துக்கிறான்னு எவ்ளோ மரியாதையா எழுந்து நிக்குது! இந்தக் காலத்துல யாரு எழுந்திரிக்கிறான்? உனக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

"ம். பட்டாளத்துல இருக்கறாங்க" என்றாள் சுகாசினி.

"அதான பாத்தேன். கல்யாணம் ஆயிடுச்சா? எங்கண்ணன் பொண்ணு ஒண்ணு கூரத்துல இருக்குது, அதுக்குத்தான் கேக்குறேன்."

"ஆயிடுச்சிம்மா."

"கட்டுனவ குடுத்து வெச்சவ" என்று அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

கண்டக்டர் வந்தான். "காஞ்சிபுரம் ரெண்டு" என்று சுகாசினி நோட்டை நீட்டினாள். இன்னொன்று யாருக்கு என்று அவன் கேட்டான். அவள் நிற்கிறவனைக் கையால் காட்டினாள்.

அம்மாள் ராமராஜனைப் பார்த்தாள், சுகாசினியின் கழுத்துத் தாலியைப் பார்த்தாள். பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை வாய் திறக்கவேயில்லை.