ரத்தத்தில் குடியிருந்தவன்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் காட்டேரி. வைரஸ் தொற்றினால் உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது, பிறகு அதை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காகக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ரத்தம் கேட்பாள். "கொஞ்சம்தான், வலிக்காது" என்று அவள் வந்தாலே, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நழுவிவிடுவார்கள்.

அப்போது அவள் எடுத்திருந்தது ஒரு பழைய வைரஸ். அவள் பிறப்பதற்கு முந்தைய மழைக்காலத்தில் பரவி, குழந்தைகளை வாரிக்கொண்டு போய், அப்படியே காணாமல் போன காய்ச்சல். செயலிழக்கச் செய்த வைரஸ்தான். அன்று பிழைத்தவர்களின் ரத்தத்தில் அதைக் கலந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, அந்தக் காய்ச்சலையே அறியாத ஒருவரின் ரத்தம் வேண்டும். யாரும் கை நீட்டாததால் தன் ரத்தத்தையே வைத்தாள். அது சும்மா கிடக்க வேண்டும்.

சும்மா கிடக்கவில்லை. பிழைத்தவர்களின் செல்களைவிட வெறியோடு விழித்துக்கொண்டது.

மாதிரி மாறிப்போயிருக்கும் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான். பெரும்பாலான செல்கள் அசையவில்லை. ஏதோ கொஞ்சம் மட்டும் ஒன்றையொன்று தேடிப்போய்க் கூடின, பெருகின. அவற்றைத் தனியாகப் பிரித்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே மரபணுச் சோதனை செய்பவர், கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்வதால் எல்லாருக்கும் மாமா.

"யாரோட ரத்தம்மா இது?"

"என்னோடதுதான் மாமா."

"வெளையாடாத. இது ஆம்பளையோட செல்லு."

"நீங்களே எடுத்துப் பாருங்க" என்று கையை நீட்டினாள்.

அவரே எடுத்தார். மற்ற செல்லெல்லாம் அவளுடையவை. அந்த வைரஸைக் கண்டதும் விழித்தவை மட்டும் ஓர் ஆணுடையவை.

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வயித்துல இருக்கற பிள்ளையோட செல்லு கொஞ்சம் அம்மா உடம்புக்குள்ள போயிடும். வருஷக்கணக்கா அங்கேயே தங்கும். அடுத்த பிள்ளைக்கும் போகலாம்னு சொல்றாங்க. உனக்கு அண்ணன் இருக்காரா?"

"நான் ஒரே பொண்ணு மாமா."

"எதுக்கும் அம்மாவைக் கேட்டுப் பாரு."

பேருந்தில் போகும்போது அவளால் தன் மணிக்கட்டைப் பார்க்க முடியவில்லை. நாடி துடிப்பது, உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் தட்டுவதுபோல் இருந்தது.

அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலைப் பற்றிக் கேட்டதும் கையிலிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட யாருடி சொன்னா?"

"என் ரத்தத்துல இருக்கும்மா."

அம்மா துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "உங்கண்ணன். குண்டுன்னு கூப்பிடுவோம். அப்பதான் ஓட ஆரம்பிச்சிருந்தான். நீ வயித்துல. அவனுக்கு வந்து, அவன்கிட்டேருந்து எனக்கும் வந்துச்சு. நான்தான் போவேன், அவன் பொழைச்சுக்குவான்னு சொன்னாங்க. மாறிப்போச்சு. அதுக்கப்புறம் அவன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு உங்கப்பா."

அம்மாவின் உடம்பில் தங்கிப்போன அவனுடைய செல்கள் அங்கே சண்டை போட்டிருக்கின்றன. வைரஸை அங்கேதான் அடையாளம் தெரிந்துகொண்டிருக்கின்றன. பிறகு இவளிடம் குடிவந்திருக்கின்றன. எளிய வார்த்தைகளில் அதை அவள் சொன்னபோது அம்மா அழவில்லை.

"அவனை நான் பாக்கலாமா?"

அழைத்துப்போனாள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்நோக்கியில் குனிந்தாள்.

"ஏன் இப்படி அலையுறான்?"

"தேடுறாங்கம்மா."

"யாரை?"

"அந்தக் காய்ச்சலை."

அம்மா இன்னும் குனிந்து, தூளியை ஆட்டுகிறவள்போல் சொன்னாள்: "போதும்டா குண்டு. அது போயிடுச்சு. நீ தூங்கு."

செல்கள் அலைந்துகொண்டேதான் இருந்தன. அம்மா சொன்னதைக் கேட்டு அடங்கிவிடுமோ என்றுதான் மகளுக்குப் பயமாக இருந்தது.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. மாமாவும் சேர்ந்துகொண்டார். அந்தச் செல்களை வளர்ப்பதும் அவற்றுக்குச் சத்துநீர் மாற்றுவதும் அவள் வேலை. அதை வேறு யாரிடமும் அவள் விடுவதில்லை.

இப்போதெல்லாம் மதியம் அம்மா தொலைபேசியில் கூப்பிடுகிறாள். "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்கிறாள்.

முதல்நாள் மகள் அந்தச் செல்கள் இருந்த கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். பதில் தானாக வந்தது.

"சாப்பிட்டோம்மா."